கர்ப்பக் காலத்தில் கருப்பையில் கட்டி: எப்போது கவலைப்படவேண்டும், எப்போது வேண்டாம்?

சிங்கப்பூரில் பெண்கள் முதல் குழந்தையைப் பெற்றெடுக்கும் இடைநிலை வயது இப்போது 31ஐத் தாண்டிவிட்டது. கருப்பையில் ஃபைப்ராய்டு எனும் நார்த்திசுக் கட்டிகள் அதிகம் தென்படுவதும் 30களிலும் 40களிலும்தான்.

அதனால், கர்ப்பம் உறுதியாகி முதல் ஸ்கேனுக்குப் போகும் சிலர், குழந்தையின் இதயத்துடிப்போடு இன்னொரு தகவலையும் கேட்டுவிட்டு வருகிறார்கள்: "ஃபைப்ராய்டு ஒண்ணு இருக்கு. இப்போதைக்குப் பரவாயில்லை, பாத்துக்கலாம்."

மருத்துவருக்கு அது தினமும் சொல்லும் வரி. கேட்பவருக்கு அப்படியில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே ரயிலில் கைத்தொலைபேசியில் தேடினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், ரத்தப்போக்கு என்று வரிசையாக வரும். வீட்டில் சொன்னால் "கட்டியா? ஐயோ!" என்பார்கள். அல்லது "லேட்டா கல்யாணம் பண்ணா இப்படித்தான்" என்பார்கள்.

"பாத்துக்கலாம்" என்பதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? எதைப் பார்க்கவேண்டும்?

ஃபைப்ராய்டு என்றால் என்ன?

கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசை அணுக்களில் ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகி, நார்த்திசுவோடு சேர்ந்து உருண்டையாகத் திரள்வதே ஃபைப்ராய்டு. பட்டாணி அளவிலும் இருக்கலாம், சாத்துக்குடி அளவிலும் இருக்கலாம். ஒருவருக்கு ஒன்று இருக்கலாம், பத்தும் இருக்கலாம்.

அது புற்றுநோய் இல்லை. இதை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் தமிழில் தோலில் வரும் கொழுப்புக் கட்டிக்கும் கட்டி என்றுதான் சொல்கிறோம், புற்றுநோய்க்கும் அதையே சொல்கிறோம். ஃபைப்ராய்டு சாதாரணமாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. கருப்பைத் தசையில் தோன்றும் புற்றுநோய் தனி வகை, மிக அரிது.

ஃபைப்ராய்டு எவ்வளவு பரவலானது? அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும் ஃபைப்ராய்டு இருந்தது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. வலி இருக்காது, அறிகுறி இருக்காது. கர்ப்ப ஸ்கேனில்தான் முதன்முதலாகக் கண்ணில் படும்.

கர்ப்பிணிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆய்வைப் பொறுத்து 100 பேரில் சுமார் 2 முதல் 10 பேருக்கு ஃபைப்ராய்டு தென்படுகிறது. தாயின் வயது கூடக்கூட அந்த எண்ணிக்கையும் கூடுகிறது.

ஏன் இப்போது அதிகம் பேசப்படுகிறது?

ஆஸ்கர் விருது வென்ற நடிகை லுப்பிட்டா நியோங்கோ 2025 ஜூலையில் தமது அனுபவத்தை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டார். 2014இல், விருது வாங்கிய அதே ஆண்டில், தமக்கு 30 ஃபைப்ராய்டுகள் இருப்பது தெரியவந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதாகச் சொன்னார். இவ்வளவு பெண்களுக்கு இருக்கும் ஒன்றைப் பற்றி ஏன் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது அவர் எழுப்பிய கேள்வி.

சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023இலும் 2024இலும் இங்கு மொத்தக் கருவள விகிதம் 0.97. திருமணமும் குழந்தைப் பேறும் தள்ளிப்போவதைப் பற்றி நாடாளுமன்றத்திலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழு வரை பேசுகிறார்கள். 30 வயதுக்குப் பிறகு கருத்தரிக்கும் ஒருவருக்கு உடலில் என்னென்ன கண்டுபிடிக்கப்படலாம், அதை எப்படிக் கையாள்வது என்ற பேச்சு மட்டும் குறைவு.

லேட்டாகக் கல்யாணம் செய்ததுதான் காரணமா?

இல்லை. ஃபைப்ராய்டு ஏன் தோன்றுகிறது என்பதற்கு ஒரே காரணத்தைக் காட்ட முடியாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஆகிய ஹார்மோன்கள் அதை வளர்க்கின்றன. வயது, உடல் எடை, குடும்ப வரலாறு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. குழந்தை பெற்றவர்களிடம் அது சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் 23 வயதில் திருமணமாகிக் குழந்தை பெற்றவர்களுக்கும் ஃபைப்ராய்டு வருகிறது.

குடும்ப வரலாறு முக்கியம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அம்மாவின் மாதவிடாய் பற்றித் தெரியும்? "அந்தக் காலத்துல எனக்கும் ரொம்பப் போகும், யார்கிட்ட சொல்றது?" என்று அம்மாக்கள் சொல்வதே நமக்குப் பிரச்சினை வந்த பிறகுதான். 40 வயதில் அவருக்குக் கருப்பையை எடுத்ததற்கு என்ன காரணம் என்று ஒருமுறை கேட்டுவையுங்கள். உங்கள் மருத்துவருக்கு அது பயனுள்ள தகவல்.

குழந்தையோடு சேர்ந்து கட்டியும் வளருமா?

கர்ப்பத்தில் ஹார்மோன் கூடுகிறது, ஹார்மோன்தான் கட்டிக்குத் தீனி, அப்படியென்றால் பிரசவம் வரை அது வளர்ந்துகொண்டே போகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஸ்கேன் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலான கட்டிகளின் அளவில் கர்ப்பக் காலத்தில் பெரிய மாற்றம் இருப்பதில்லை. சில சுருங்கவும் செய்கின்றன. வளர்பவை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வளர்கின்றன.

பெரிய கட்டி இருந்தால் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாகத் தெரியலாம். "ரெட்டையா?" என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றின் அளவை மட்டும் வைத்துக் குழந்தையின் வளர்ச்சியைக் கணிக்க முடியாது. அதனால் மருத்துவர் கூடுதல் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். ஸ்கேன் கூடினால் ஆபத்து கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

அளவைவிட முக்கியம், இடம்

"எத்தனை சென்டிமீட்டர்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதைவிட முக்கியம், கட்டி எங்கே இருக்கிறது என்பது.

- கருப்பையின் வெளிப்பக்கம் வளர்பவை: குழந்தை இருக்கும் இடத்தைத் தொடுவதில்லை. பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் கர்ப்பத்தைப் பாதிப்பதில்லை. காம்பில் தொங்குவதுபோல் வளர்ந்தவை அரிதாக முறுக்கிக்கொண்டால் கடும் வலி வரும்.

- கருப்பைச் சுவருக்குள்ளேயே இருப்பவை: மிகப் பரவலானவை. சிறிதாக இருந்தால் பொதுவாகத் தொல்லையில்லை. பெரிதானால் கருப்பையின் வடிவத்தை மாற்றலாம்.

- உள்பக்கம், கரு வளரும் குழிக்குள் துருத்திக்கொண்டிருப்பவை: சிறிதாக இருந்தாலும் கவனம் தேவை. கரு பதிவதற்கு இடையூறு செய்யக்கூடியவை இவைதான்.

இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. கட்டி நச்சுக்கொடிக்கு நேர் பின்னால் இருக்கிறதா? கருப்பையின் கீழ்ப்பகுதியில், குழந்தை வெளியே வரும் பாதையில் இருக்கிறதா? இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் கவலைப்படவேண்டிய அளவு என்ன என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

குழந்தைக்கு ஆபத்தா?

ஃபைப்ராய்டு உள்ள பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பமும் பிரசவமும் சிக்கலின்றி முடிகின்றன.

சில சிக்கல்களின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பதும் உண்மை. குறைப்பிரசவம், நச்சுக்கொடி கீழே அமைந்து கருப்பை வாயை மறைப்பது, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, குழந்தையின் தலை கீழ்நோக்கித் திரும்பாமல் இருப்பது, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. கட்டி பெரிதாகவோ பலவாகவோ இருந்தால், அல்லது நச்சுக்கொடிக்குப் பின்னால் இருந்தால் வாய்ப்பு கூடும்.

இணையத்தில் அதிகம் பயமுறுத்தும் சொல் கருச்சிதைவு. ஃபைப்ராய்டு இருந்தால் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 5,500க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடக்கத்திலிருந்தே ஸ்கேன் மூலம் கண்காணித்தது. ஃபைப்ராய்டு உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பிலும் கருச்சிதைவு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

முந்தைய ஆய்வுகள் ஏன் வேறு மாதிரிச் சொல்லின? வயது ஒரு முக்கியக் காரணம். வயது கூடினால் ஃபைப்ராய்டும் கூடும், கருச்சிதைவும் கூடும். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருப்பதால் ஒன்றால்தான் மற்றது என்று தோன்றிவிடும். வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்க்கும்போது அந்தத் தொடர்பு மங்கிவிடுகிறது.

கருக்குழிக்குள் துருத்தியிருக்கும் கட்டிகள் விதிவிலக்கு. அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஏற்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் அவற்றைத் தனியாகக் கவனிக்கிறார்கள்.

கருச்சிதைவைச் சந்தித்த ஒருவருக்கு இந்த விவரம் முக்கியம். "என் உடம்புல இருந்த கட்டியாலதான் போச்சு" என்று அவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். பல நேரங்களில் அதற்கு ஆதாரமே இல்லை.

திடீரென்று வலி வந்தால்?

ஃபைப்ராய்டு உள்ள கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முக்கியக் காரணம் வலி. அது பெரும்பாலும் கர்ப்பத்தின் நடுப்பகுதியில், நான்காம் ஐந்தாம் மாத வாக்கில் வரும். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளில் வாய்ப்பு அதிகம்.

கட்டிக்குப் போதுமான ரத்தம் கிடைக்காதபோது அதன் உள்பகுதி சிதையத் தொடங்குகிறது. உள்ளே ரத்தம் கசிந்து சிவப்பதால் மருத்துவர்கள் இதைச் 'சிவப்புச் சிதைவு' என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். ஒரே இடத்தில் கடுமையாக வலிக்கும். லேசான காய்ச்சல், குமட்டல் இருக்கலாம். தாங்க முடியாத வலியாக இருந்தாலும் இது பொதுவாகச் சில நாள்களில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

ஓய்வு, போதுமான தண்ணீர், மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் ஆகியவையே முதல் சிகிச்சை.

மாதவிடாய் வலிக்குப் பழக்கத்தில் போட்டுக்கொண்ட போன்ஸ்டான், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் வீட்டு அலமாரியில் இருக்கும். கர்ப்பக் காலத்தில் அவற்றை நீங்களாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. இன்னும் பிந்திய மாதங்களில் குழந்தையின் இதயத்துக்கு அருகிலுள்ள முக்கிய ரத்தக்குழாயையும் அவை பாதிக்கலாம்.

முதன்முறை வலி வரும்போது இது கட்டியின் வலியா, குறைப்பிரசவ வலியா, குடல்வால் அழற்சியா என்று வீட்டில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. கோடாலித் தைலம் தடவி விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருக்கவேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும்போதே எடுத்துவிட முடியாதா?

பொதுவாக எடுப்பதில்லை. கர்ப்பத்தில் கருப்பைக்குப் பாயும் ரத்தத்தின் அளவு பல மடங்கு கூடிவிடுகிறது. அந்த நேரத்தில் தசையை வெட்டினால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது சிரமம். எதற்கும் அடங்காத வலி போன்ற அரிய சூழலில் மட்டும் மருத்துவர்கள் அதைப் பரிசீலிப்பார்கள்.

"சிசேரியன் பண்ணும்போதே அதையும் எடுத்துடுங்களேன்" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரத்தப்போக்கு அச்சத்தால் வழக்கமாக அதையும் தவிர்த்து வந்தார்கள். காம்பில் தொங்கும் கட்டி, வெட்டும் இடத்திலேயே இருக்கும் கட்டி போன்றவற்றை அனுபவமுள்ள மருத்துவர்கள் இப்போது சில நேரம் அகற்றுகிறார்கள். அது ஒவ்வொருவரின் நிலையைப் பொறுத்தது.

அப்படியானால் சிசேரியன்தானா?

கட்டாயமில்லை. ஃபைப்ராய்டு உள்ளவர்களிடம் சிசேரியன் விகிதம் அதிகம்தான், ஆனாலும் பலருக்குச் சுகப்பிரசவம் நடக்கிறது. கட்டி பாதையை அடைத்தால், குழந்தை திரும்பாமல் இருந்தால், நச்சுக்கொடி வழியை மறைத்தால் சிசேரியன் தேவைப்படும். கர்ப்பம் முன்னேறும்போது கருப்பை விரிவதால், கீழே இருந்த கட்டி மேலே நகர்வதும் உண்டு. அதனால் 20 வார ஸ்கேனில் தெரிந்ததை வைத்து அப்போதே முடிவெடுக்காமல், கடைசி மாதங்களில் மீண்டும் பார்க்கிறார்கள்.

கட்டிகள் இருக்கும் கருப்பை, பிரசவத்துக்குப் பிறகு சரியாகச் சுருங்காமல் போகலாம். ரத்தப்போக்கு அதனால்தான். முன்கூட்டியே தெரிந்தால் கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்தையும் ரத்தத்தையும் தயாராக வைத்திருப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ரத்தசோகை இல்லாமல் பிரசவத்துக்குப் போவது. ஃபைப்ராய்டால் மாதவிடாயில் அதிகம் ரத்தம் இழந்தவர்கள் கர்ப்பமாகும்போதே இரும்புச்சத்து குறைந்தவர்களாக இருப்பார்கள். மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிடுங்கள். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் தே தாரிக், காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். கொஞ்ச நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு என்ன ஆகும்?

பலருக்குக் கட்டி சுருங்குகிறது. ஓர் ஆய்வில், கர்ப்பத் தொடக்கத்தில் ஒரு ஃபைப்ராய்டு இருந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேனில் கட்டியே தென்படவில்லை. எஞ்சியவர்களில் பெரும்பாலோருக்கு அது சிறிதாகியிருந்தது. அதனால், பிள்ளை பெற்ற உடனே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னும் கர்ப்பமாகவில்லை. முதலில் கட்டியை எடுக்கவேண்டுமா?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். வீட்டில் ஆளுக்கொரு பதில் இருக்கும். "எடுத்துட்டு நிம்மதியா இரு" என்பார் ஒருவர். "கத்தி வச்சா புள்ளையே பொறக்காது" என்பார் இன்னொருவர். இரண்டுமே பொதுவான விதி ஆகாது.

கருக்குழிக்குள் இருக்கும் கட்டியை அகற்றினால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடலாம். வயிற்றில் வெட்டாமல், கருப்பை வாய் வழியாகவே கருவி செலுத்தி அதை எடுக்க முடியும். வெளிப்பக்கம் இருந்து, தொந்தரவும் தராத கட்டியைக் கருத்தரிப்புக்காக மட்டும் எடுப்பதால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. சுவருக்குள் இருப்பவற்றைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எடுப்பதற்கும் விலை உண்டு. கருப்பையில் தழும்பு விழும். அது ஆறுவதற்குக் குறைந்தது 3 முதல் 6 மாதம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். தழும்பு பிரசவ நேரத்தில் பிரியும் வாய்ப்பு ஏறக்குறைய 100இல் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஆனாலும் அது ஆபத்தானது என்பதால், ஆழமாக வெட்டப்பட்டவர்களுக்குச் சிசேரியனைப் பரிந்துரைப்பார்கள். கட்டி மீண்டும் வரலாம்.

28 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதக் காத்திருப்பு பெரிய விஷயமில்லை. 38 வயதுப் பெண்ணுக்கு அந்த ஆறு மாதத்தில் கருமுட்டையின் தரமும் குறைகிறது. ஒரே அளவுக் கட்டிக்கு இரண்டு தோழிகளிடம் இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு ஆலோசனை சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டாம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

கழற்சிக்காய் சாப்பிட்டால் கரையுமா?

கருப்பைக் கட்டிக்குக் கழற்சிக்காய், மூலிகைக் கஷாயம் என்று தமிழ்ச் சமூக ஊடகங்களில் நிறைய வீடியோக்கள் உண்டு. கர்ப்பக் காலத்தில் அவை பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கட்டியைக் கரைப்பதாகச் சொல்லப்படும் எதையும் கர்ப்பமாக இருக்கும்போது மருத்துவரிடம் கேட்காமல் உட்கொள்ளவேண்டாம். பிரசவத்துக்குப் பின் வயிற்றைக் கட்டி ஜாமு மசாஜ் செய்துகொள்ள நினைப்பவர்களும் கட்டி இருப்பதை மருத்துவரிடமும் மசாஜ் செய்பவரிடமும் முதலில் சொல்லிவிடுவது நல்லது.

வேலையும் செலவும்

வலியால் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் விடுப்பு பற்றிய கவலை வரும். சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை செய்த ஊழியருக்கு மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 14 நாள் வழக்கமான மருத்துவ விடுப்பும் அதில் அடங்கும். அது மகப்பேற்று விடுப்பிலிருந்து கழிக்கப்படாது.

மெடிசேவ் சேமிப்பைப் பிரசவச் செலவுக்கு மட்டுமின்றி, பிரசவத்துக்கு முந்தைய ஆலோசனை, ஸ்கேன் கட்டணங்களுக்கும் வரம்புக்குள் பயன்படுத்தலாம். அதற்கான ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்து, பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் கொடுக்கவேண்டும். குறிப்பிட்ட சில கடுமையான கர்ப்பச் சிக்கல்களை 2019 முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் உள்ளடக்குகிறது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

ஆலோசனை நேரம் குறைவு. கேள்விகளைக் கைத்தொலைபேசியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

- எத்தனை கட்டி? எவ்வளவு பெரிது?
- கருப்பையின் எந்தப் பகுதியில் இருக்கிறது?
- நச்சுக்கொடி அதன்மேல் ஒட்டியிருக்கிறதா?
- குழந்தை வரும் பாதையில் இருக்கிறதா?
- அடுத்த ஸ்கேன் எப்போது? அதில் எதைப் பார்ப்பீர்கள்?
- வலி வந்தால் எந்த மாத்திரை, எவ்வளவு?

உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டியது எப்போது?

- ரத்தப்போக்கு
- விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், அல்லது அடங்காத வலி
- காய்ச்சலுடன் வலி
- தண்ணீர் போல் கசிவு
- குழந்தையின் அசைவு குறைவது
- மயக்கம், மூச்சுத்திணறல்

நிலைமை மோசமாகத் தெரிந்தால் 995ஐ அழையுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லாமல், குழந்தையும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால், மருத்துவர் சொன்ன "பாத்துக்கலாம்" என்பதை நம்பலாம். அடுத்த ஸ்கேனுக்கு மட்டும் தவறாமல் போய்விடுங்கள்.